டென்மார்க் மனுசி சொல்லாத வசனம்

1

எங்கள் நாற்பதாவது கலியாண நாளுக்கு மகள் தந்த பரிசு, ஒரு டென்மார்க் படத்துக்கு இரண்டு டிக்கெட். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். நாற்பது வருசம் ஒருவனோடு குடித்தனம் நடத்தினவளுக்கு ஒரு சீலை கொடுக்கலாம், ஒரு சங்கிலி கொடுக்கலாம், ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கேக்காவது கொடுக்கலாம். எனக்குக் கிடைத்தது டென்மார்க்.

"அம்மா, இட்ஸ் அபவுட் எ லோங் மரேஜ். உங்களுக்கும் அப்பாவுக்கும் பெர்ஃபெக்ட்" என்றாள் ஷெரின். விளம்பரத்தைத் தொலைபேசியில் பார்த்திருக்கிறாள். ஒரு வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் கடற்கரையில் கைகோர்த்து நடக்கிறார்கள். அவள் பார்த்தது அவ்வளவுதான். பெற்றதாயும் தகப்பனும் எப்போதாவது கைகோர்த்து நடந்ததைக் கண்டிருக்கிறாளா என்று அவள் ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. யோசிக்க நேரமும் இல்லை. மெல்பேணின் மற்ற அந்தத்தில் இருக்கிறாள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை வந்து, காரின் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டே தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறவள். மகன் சிட்னியில், கெல்லிவில்லில். அவன் பூ அனுப்புவான்.

என் பெயர் பிலோமினா. அவர் யேசுதாசன். ஸ்பிரிங்வேலில் "தாஸ் அங்கிள்" என்றால் தமிழர்களில் பாதிப்பேருக்குத் தெரியும். எந்தப் பிறந்தநாளுக்குப் போனாலும் சாப்பாட்டுக்குப் பிறகு யாராவது, "அங்கிள், நீங்கள் வந்த கதையைச் சொல்லுங்கோ" என்பார்கள். அவர் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு தொடங்குவார். குளிரில் செருப்போடு நடந்தது, சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவியது, பிறகு தொழிற்சாலை, பிறகு வீடு. எல்லாம் உண்மைதான், இல்லையென்று சொல்லவில்லை. அந்தக் கதையில் எனக்கும் ஒரு இடம் உண்டு. கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், "பிறகு பிலோவும் வந்தா" என்பார். எங்களுடைய கலியாணத்தைப் பற்றி இந்த ஊருக்குத் தெரிந்தது அந்த மூன்று சொற்கள்தான்.

2

படம் பட்டணத்தில், பகல் பதினொரு மணிக்கு. பென்சன்காரருக்கென்று வைக்கிற காட்சி. கோப்பியைக் கையில் கொண்டு வந்து அமர்ந்த பத்துப் பதினைந்து வெள்ளைக்காரக் கிழடுகளும் நாங்களும். அவர் வாசலுக்குக் கிட்ட இருக்கவேண்டும் என்று ஓரத்துக் கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

சளி பிடித்தவர்கள் கதைப்பது மாதிரி இருந்தது டென்மார்க் பாஷை. கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடியது. இவருடைய இங்கிலீஷ் தொழிற்சாலை இங்கிலீஷ். வாய்க்கு வரும், வாசிப்பு ஆமை வேகம். நான் வயோதிபர் இல்லத்தில் இருபது வருசத்துக்கு மேல் வேலை செய்து, அவர்களுடைய குறிப்பை வாசித்து எழுதிப் பழகினவள். படம் தொடங்கிக் கொஞ்சத்தில் முழங்கையால் இடித்தார்.

"என்னவாம்?"

"மனுசனைப் புதைச்சிட்டு வந்திருக்கிறாள். வீட்டை ஒதுக்கப் போறாளாம்."

இரண்டு தீவுகளுக்கு இடையில் படகு ஓட்டினவன் அந்த மனுசன். செத்துப்போனான். கிழவி ஒவ்வொரு அறையாக ஒதுக்குகிறாள். ஒவ்வொரு அறையிலும் ஒரு பழைய காட்சி எழும்பி வருகிறது. இடைக்கிடை அவன் இருந்த வெறும் கதிரையைப் பார்த்துப் பேசுகிறாள். துறைமுகத்தில் எல்லோரோடும் காற்றையும் மழையையும் பற்றி வாய் ஓயாமல் கதைத்தவன், வீட்டுக்குள் வந்தால் மரம். அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னாள். நானும் வரிக்கு வரி, வஞ்சகமில்லாமல் இவருடைய காதில் சொல்லிக்கொண்டு வந்தேன். இவர் "ம்", "ம்" என்று கேட்டார். நாற்பது வருசத்தில் நான் சொல்லச் சொல்ல இந்த மனுசன் இவ்வளவு நேரம் கேட்டது அன்றைக்குத்தான். அதை நினைக்க எனக்கு எரிச்சல் வந்தது. எவளோ ஒரு டென்மார்க்காரி சொல்கிறாள் என்றால் காது திறக்கிறது!

ஒரு கட்டத்தில் கிழவி சன்னலடியில் நின்று நீளமாக ஏதோ சொன்னாள். கடல் உறைந்து படகு ஓடாமல் போன மாரிகாலத்தைப் பற்றி. ஒரு வீட்டுக்குள் இரண்டு பேரும் அடைபட்டுக் கிடந்தும் கதைக்க ஒன்றும் இருக்கவில்லை என்றாள்.

"என்னவாம், பிலோ?"

நான் வாயைத் திறந்தேன். கடல் உறைந்த கதை வரவில்லை.

"எங்கட முதல் பிள்ளை செத்த நேரம் நீங்கள் கடலில நிண்டனீங்கள் எண்டு சொல்லுறாள். நான் தனியப் பெத்து, தனியப் பறி குடுத்தனான். நீங்கள் திரும்பி வந்து ஒருநாளும் அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லுக் கேக்கேல்லை எண்டு சொல்லுறாள்."

இப்போது திரும்புவார், இப்போது என் முகத்தைப் பார்ப்பார் என்று இருந்தேன்.

"பாவம்" என்றார், திரையைப் பார்த்தபடி. "பிறகு என்னவாம்?"

"அந்தப் பிள்ளைக்கு உங்கட மூக்காம். அதைக்கூட நீங்கள் கேக்கேல்லையாம்."

அவர் லேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். உண்மையாகத்தான் சொல்கிறேன், கண்ணீர் வந்தது அவருக்கு. பிறகு, மூக்கையும் உறிஞ்சிக்கொண்டு சொன்னார்:

"அதுக்கு அவளாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே."

முன்னால் இருந்த மனுசி திரும்பி எங்களை முறைத்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர் இடித்தபோதெல்லாம், "ஒண்டுமில்லை, வீடு கூட்டுறாள்" என்று மட்டும் சொன்னேன்.

3

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்று இருந்தது போதும்.

கலியாணம் முடித்த கையோடு அவர் கட்டாருக்குப் போனார். நான் மன்னாரில், வயிற்றில் பிள்ளையோடு. மாதம் நிறையமுன்னமே பிள்ளை நோ கண்டது. வெளியில் ஊரடங்கு. என்னைப் பெற்ற ஐயா வெள்ளைச் சேட்டு ஒன்றைத் தடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மத்தியானம் பிறந்தான். என் முழங்கை நீளம்கூட இல்லை. தாதி அவனை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள்.

"பிள்ளை தங்காது தங்கச்சி. தண்ணி ஊத்துவம். பேரைச் சொல்லு."

எங்கள் சமயத்தில் சாகப் போகிற பிள்ளைக்குக் குருவானவர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். அந்தத் தாதி ஒரு தேத்தண்ணிக் கோப்பையில் தண்ணீர் எடுத்து வந்து நின்றாள். ஜூட் என்றேன். கைவிட்ட காரியங்களுக்கெல்லாம் புனித ஜூட்டைத்தானே கும்பிடுகிறோம். பொழுது படமுன்னம் ஜூட் போய்விட்டான். ஐயா பெட்டி செய்து கொண்டுபோய்ச் சேமக்காலையில் வைத்தார். எனக்கு எழும்பிப் போய்ப் பார்க்க ஏலவில்லை.

பிள்ளை பிறந்ததையும் போனதையும் கட்டாருக்கு எழுதினேன்; பெயரை அவர் கேட்டால் சொல்லலாம் என்று விட்டேன். ஆண்டவருடைய சித்தம், உடம்பைக் கவனி என்று பதில் வந்தது. தூரத்தில் இருக்கிற மனுசன், கடிதத்தில் என்னத்தை எழுதுவது, நேரில் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கட்டாரிலிருந்து அவுஸ்திரேலியாவுக்கு வந்துவிட்டார். வருசங்கள் கழித்து நானும் வந்தேன். விமான நிலையத்துக்கு எனக்கொரு கம்பளிச் சட்டை கொண்டுவந்திருந்தார். காரில் வரும்போது கேட்பார் என்று இருந்தேன். பாலத்தைக் காட்டினார். வீட்டுக்குப் போனதும் கேட்பார் என்று இருந்தேன். ஹீற்றர் போடுகிற முறையைக் காட்டினார். நான் அழுதுவிடுவேன் என்று பயந்துதான் கேட்காமல் இருக்கிறார் என்று அவருக்காக நானே சாட்டுச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பைத்தியக்காரி.

ஷெரின் வயிற்றில் இருந்தபோது இங்கே ஆஸ்பத்திரியில் பதியப் போனோம். எனக்கு அப்போது இங்கிலீஷ் வராது, அவர்தான் மொழிபெயர்ப்பாளர். நல்ல சிரித்த முகத்தோடு ஒரு தாதி. என் வயிற்றைத் தடவிக்கொண்டு, "ஃபெர்ஸ்ற் பேபி?" என்றாள்.

"யெஸ், யெஸ். ஃபெர்ஸ்ற்" என்றார் இவர்.

அந்தச் சொல் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்து ஓட்டப்போட்டியில் மூன்று தரம் வாங்கினவள் நான். திரும்பிப் பார்த்தேன். வெளியில் வந்ததும் என் முகத்தைக் கண்டு அவரே சொன்னார், "அது இதெண்டு சொன்னா இவங்கள் இன்னும் நாலு கடதாசி நிரப்பச் சொல்லுவாங்கள், பிலோ. ஏன் வில்லங்கத்தை?"

கடதாசி கூடிவிடுமாம். என் பிள்ளை பிறந்ததையும் செத்ததையும் இந்த நாட்டில் யாருக்கும் தெரியாமல் போனது அதனால்தான்.

நானாக ஏன் சொல்லவில்லை என்று நீங்களும் கேட்பீர்கள். அவர் கேட்ட கேள்விதானே அது. ஏன் சொல்ல வேண்டும்? பெற்ற பிள்ளையின் பெயர் என்ன என்று ஒரு தகப்பனுக்குக் கேட்கத் தெரியாதா? எனக்கு இந்த மனுசனிடம் வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. வீடு தந்தார், கார் ஓட்டப் பழக்கினார், ஒருநாளும் கை நீட்டி அடிக்கவில்லை. நல்லவர்தான். அந்த ஒரு கேள்வியை மட்டும் அவர் கேட்கவேண்டும் என்று இருந்தேன். வைராக்கியம் என்றால் வைராக்கியம்தான்.

4

படம் முடிந்து சாப்பிடப் போனோம். இவர் மீனைக் கிளறிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"நல்ல படம். ஆனா அவன் என்ன மனுசன்? பெத்த பிள்ளை செத்திருக்கு, ஒரு சொல்லுக் கேக்கிறதுக்கென்ன? கல்லு நெஞ்சுக்காரன்."

"ஓம்" என்றேன்.

"இந்த வெள்ளையளே இப்பிடித்தான். எங்கட ஆக்களில அப்பிடியெல்லாம் இல்லை."

தண்ணீரைக் குடித்தேன். வேறென்ன செய்ய?

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. படம் இவருடைய புதுக் கதையாகிவிட்டது. ஸ்பிரிங்வேல் சந்தையில் இறால் வாங்கிக்கொண்டு நிற்கும்போது சொன்னார். கோயிலடியில் சொன்னார். ஒரு பிறந்தநாளில் கோப்பை கழுவிய கதையைக்கூட விட்டுவிட்டு இதைச் சொன்னார். "பிள்ளைக்கு அவன்ர மூக்காம்" என்கிற இடத்தில் குரல் தழுதழுக்கும். பொம்பிளைகள் கண்ணைத் துடைத்தார்கள். ஒருத்தி என் தோளைப் பிடித்து, "அங்கிளுக்கு எவ்வளவு இளகின மனசு, நீங்கள் குடுத்து வைச்சனீங்கள் அன்ரி" என்றாள். என் வயிற்றெரிச்சலை நான் எங்கே போய்க் கொட்ட?

பிறகு ஷெரின் வந்தாள். குசினியில் என்னைத் தனியே பிடித்து மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, அந்த மூவியை நான் வீட்டில பாத்தனான். ஐ வோச்ட் த ஹோல் திங். அப்பா சொல்லுற பேபி சீன் அதில இல்லையே. தே டோன்ற் ஈவின் ஹாவ் கிட்ஸ்."

சொல்லிவிடலாம் என்று வந்தது. உனக்கு ஒரு அண்ணன் இருந்தான் மகள் என்று நாக்கின் நுனிவரை வந்தது. ஆனால் அவள் காரின் திறப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். பேத்தியை நீச்சல் வகுப்பிலிருந்து ஏற்றப் போகவேண்டும்.

"ஐம் வொறீட். அப்பாவுக்கு மறதி தொடங்குதோ? நான் டொக்டரிட்ட புக் பண்ணுறன்."

பார்த்தீர்களா நியாயத்தை? நான் சொன்னதற்கு அவருக்கு மறதி என்று ஆகிவிட்டது. ஞாபகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். இன்றைக்கு என்ன கிழமை, இது என்ன காலம், இந்த மூன்று சொல்லைத் திருப்பிச் சொல்லுங்கள், ஒரு மணிக்கூடு கீறுங்கள். எல்லாம் நன்றாகச் செய்தார். தாதி சின்னப் பிள்ளை, இடையில் சும்மா கதை கொடுத்தாள்.

"ஹவ் மெனி சில்ட்ரன், தாஸ்?"

"டூ. வன் டோட்டர், வன் சன்."

"எக்ஸலன்ற்!" என்று எழுதிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். உங்கள் கணவருடைய ஞாபகம் என்னுடையதை விட நல்லது என்றாள். இவரும் தலையை ஆட்டிச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

5

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம். இருபத்தைந்து, நாற்பது, ஐம்பது என்று கலியாண வருசம் வந்தால் தமிழ்ப் பூசையில் அந்தச் சோடியை முன்னால் கூப்பிட்டு, அன்றைக்குச் சொன்ன வாக்கை மறுபடி சொல்ல வைப்பார்கள். பிறகு மண்டபத்தில் கேக், சோறு, பாட்டு. எனக்கு இந்த வாக்கு விசயத்தில் துளி விருப்பமும் இருக்கவில்லை. ஒருக்கால் சொன்னது போதாதா? "இட்ஸ் ஜஸ்ட் எ பிளெஸிங், அம்மா" என்றாள் ஷெரின். மண்டபம் ஏற்கெனவே பதிந்தாயிற்று. மகனும் மருமகளும் சிட்னியிலிருந்து வர விமானமும் பதிந்தாயிற்று. என்னைக் கேட்டது கேக்கின் நிறத்தைப் பற்றி மட்டும்.

அந்தப் பூசையைச் செத்தவர்களுக்காகவும் ஒப்புக்கொடுப்போம். ஆர் ஆருடைய பெயர் வாசிக்கவேண்டும் என்று பாதரிடம் முதலே சொல்லவேண்டும். இவர் தொலைபேசியைக் கையில் எடுத்துக்கொண்டு என்னருகில் வந்து அமர்ந்தார்.

"அப்பு, அம்மா. உன்ர ஐயா, அம்மா. சரிதானே?"

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கத்தியை வைத்தேன்.

"வேற ஒருத்தரும் இல்லையோ?"

யோசித்தார். நன்றாக, நெற்றியைச் சுருக்கி யோசித்தார். நான் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அட, ஓம்! நல்ல வேளை ஞாபகப்படுத்தினாய்" என்று தொடையில் தட்டினார். "சூசையண்ணை! கட்டாரில என்னோட ஒரே அறையில இருந்த மனுசன். அவரை விட்டா பாவம் பிடிக்கும்."

சூசையண்ணையின் பெயரைச் சேர்த்துவிட்டு எழும்பிப் போனார். எனக்கு அழுகை வரவில்லை. இப்படி ஒரு கோபம் எனக்குள் இருந்தது என்று எனக்கே தெரியாது. மிச்ச வெங்காயத்தை அப்படியே குப்பையில் போட்டேன்.

அவர் நடக்கப் போன நேரம் பார்த்து நான் பாதருக்குத் தொலைபேசி எடுத்தேன். இளம் பாதர், திருச்சிப் பக்கத்துக்காரர்.

"பாதர், ஒரு பேர் கூடச் சேர்க்கோணும். ஜூட்."

"சேர்த்துடலாம்மா. உங்களுக்கு என்ன உறவு?"

"மகன்."

"மன்னிச்சுக்கோங்கம்மா, எனக்குத் தெரியாது. ஐயாகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கட்டுமா?"

"தேவையில்லை, பாதர். பெத்தவள் நான்தான் சொல்லுறன்."

"சரிம்மா" என்றார்.

6

மகன் வாங்கி வந்த கோட்டு இவருக்குத் தோளில் பெரிது. எனக்கு ஷெரின் எடுத்த சீலை, அவளுக்குப் பிடித்த நிறம். முன்வரிசையில் எங்களை மட்டும் தனியாக இருத்தினார்கள். பின்னால் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், மருமகளின் கையில் வீடியோ எடுக்கத் தூக்கிப் பிடித்த தொலைபேசி. கோயில் நிறைந்திருந்தது. இவருக்கு அவ்வளவு சந்தோசம். திரும்பித் திரும்பிப் பார்த்து, வந்தவர்களுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பாதர் வந்து ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றார். இன்றைய பூசை யேசுதாசன், பிலோமினா தம்பதியரின் நாற்பதாவது ஆண்டு நன்றிக்காக என்றார். இவர்களுக்குரியவர்களில் இறந்துபோனவர்களின் ஆன்மாக்களுக்காகவும் என்று பெயர்களை வாசித்தார். அவருடைய அப்பு, அம்மா. என்னுடைய ஐயா, அம்மா. சூசை. இவர் ஒவ்வொரு பெயருக்கும் சரிபார்க்கிற மாதிரித் தலையாட்டினார்.

"மேலும், ஜூட்" என்றார் பாதர்.

இவருடைய தலை நின்றது. பாடகர் குழு எழும்பிப் பாடத் தொடங்கியது. இவர் என் பக்கம் சரிந்து, பாட்டுக்குள் கேட்கவேண்டும் என்று என் காதுக்குக் கிட்ட வாயைக் கொண்டுவந்தார்.

"பாதர் பிழையா வாசிச்சிட்டார்போல. ஆரது ஜூட்? எனக்குத் தெரிஞ்ச ஆளோ?"

கடைசியில் கேட்டுவிட்டார்.

"இல்லை" என்றேன். "உங்கட மூத்த மகன்."